விரிப்புக்கு வெளியே ஒரு கால்

தலையணை உறைகளை மடிக்க உட்காரும்போது மூணக்கா முதலில் வலது செருப்பைக் கழற்றுகிறார். பிறகு வெறும் பாதத்தைக் கொண்டுபோய் இரும்பு அலமாரியின் அடித்தட்டில் வைக்கிறார். தட்டு குளிர்ந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் பாதம் பட்ட இடம் சூடேறிவிடும். கால் ஒரு சாண் நகரும். அதுவும் சூடேறினால் இன்னொரு சாண். காலோடு நாற்காலியும் நகரும். காலையில் கதவோரம் இருந்த நாற்காலி மத்தியானச் சாப்பாட்டுக்குள் அலமாரியின் மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. லினன் ரூமுக்கு வருகிறவர்கள் மணி பார்க்க வேண்டியதில்லை, மூணக்கா எங்கே இருக்கிறார் என்று பார்த்தால் போதும் என்று அந்த ஓட்டலில் ஒரு கேலி உண்டு.

"இடுப்புக்குள்ள ஒரு இரும்பு, கால்மாட்டுல ஒரு இரும்பு. ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் நான் இருக்கேன்" என்பார் அவர், மடிப்பதை நிறுத்தாமல்.

லினன் ரூம் என்பது விரிப்பு, உறை, துண்டு எல்லாம் அடுக்கி வைக்கும் அறை. சன்னல் கிடையாது. சோப்பும் சூடான துணியும் கலந்த வாசனை எப்போதும் இருக்கும். ஆறு மாதத்துக்கு முன்பு, வலது இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுப் புதிது வைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, உட்கார்ந்து செய்கிற வேலை என்று இதைக் கொடுத்தார்கள். அதற்கு முன் முப்பது வருடம் மூன்றாவது மாடி. அந்த மாடியின் அறைகளைப் பெருக்கித் துடைத்து, குளியலறை தேய்த்து, கட்டில் விரித்தவர். "மூணாவது மாடி அக்கா" நாளடைவில் தேய்ந்து மூணக்கா ஆயிற்று. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருப்பார்.

கட்டில் விரிப்பதில் அவர் கை தனி. விரிப்பை இரு கைகளால் பிடித்து ஒரு உதறு உதறினால் அது காற்றில் உப்பி, மெதுவாக இறங்கி, நான்கு பக்கமும் ஒரே அளவு தொங்கும்படி வந்து படுக்கும். பிறகு மூலை மடிப்பு. பிறகு கால்மாட்டில் செருகல். அந்தச் செருகல்தான் பேர்போனது. ஓட்டலில் தங்கிய ஒருவர் ஒருமுறை மேனேஜரிடம் புகார் செய்தாராம்: படுத்தால் விரிப்புக்குள் காலை நுழைக்கவே முடியவில்லை, கடிதத்தை உறைக்குள் தள்ளுவதுபோல் தள்ள வேண்டியிருக்கிறது என்று. மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார். "அப்படின்னா சரியாத்தான் செருகியிருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தார் மூணக்கா. இதை இன்றைக்கும் ஒரு பட்டம் வாங்கியதுபோல் சொல்லிக்கொள்வார்.

யார் வீட்டுக்குப் போனாலும் பேசிக்கொண்டே கட்டில் விரிப்பை இழுத்துச் செருகுவது அவருடைய பழக்கம். துக்க வீட்டிலும் செய்திருக்கிறார். அறுவை சிகிச்சை முடிந்து மயக்கம் தெளியத் தெளிய அவர் சொன்ன முதல் வார்த்தை, பக்கத்துக் கட்டிலை விரித்துக்கொண்டிருந்த நர்ஸுக்கு: "மூலையை அப்படி மடிக்கக் கூடாது கண்ணு."

அப்பேர்ப்பட்டவர் இப்போது தன் வீட்டுக் கட்டிலில் விரிப்பின் ஒரு மூலையை அவிழ்த்துவிட்டு, வலது காலை வெளியே நீட்டிக்கொண்டுதான் தூங்குகிறார். தூக்கம் வந்தால்.

இடுப்பைப் பற்றி அவருக்குப் புகார் இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறார். டிராலியைத் தள்ளி, கட்டிலுக்கடியில் குனிந்து, குளியல் தொட்டிக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துத் தேய்த்து மூட்டு போய்விட்டது. எழுந்தால் தொடை இடுக்கில் கத்தி. மாடிப்படியில் பக்கவாட்டில்தான் ஏற முடியும். "துருப்பிடிச்ச கேட்டை யாரோ எனக்குள்ள திறந்து திறந்து மூடுற மாதிரி இருக்கும்." அந்தக் கேட்டைக் கழற்றிப் புதிது மாட்டியாயிற்று. சத்தம் நின்றுவிட்டது. "அந்த வலி போச்சு. பொய் சொன்னா வாய் அழுகிடும்."

இருப்பது வேறு. முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாகக் கோடு போட்டதுபோல் இறங்கி, புறங்காலில் பரவி, பெருவிரலில் வந்து நிற்கும் ஓர் எரிச்சல். குதிகாலுக்கு மட்டும் போகாது. மிளகாய் அரைத்த கையைக் கழுவாமல் விட்டால் எரியுமே, அந்த எரிச்சல் என்கிறார். சில சமயம் அது போதாதென்று சுரீர் என்று ஒரு மின்சாரம். காலைத் தொட்டுப் பார்த்தால் சூடு கிடையாது, சிவப்பு கிடையாது, வீக்கம் கிடையாது. அழுத்தினால்கூடப் பொறுத்துக்கொள்ளும், விரிப்பு உரசினால் பொறுத்துக்கொள்ளாது. மின்விசிறிக் காற்றில் துணியின் ஓரம் ஆடி விரலில் பட்டாலே அவருக்குப் பல் கூசுகிறது. செருப்பு வீட்டுக்காரருடையது, இரண்டு அளவு பெரிது, அதிலும் முன் வாரை அறுத்துப் போட்டிருக்கிறார். சாக்ஸ் போட வேண்டிய நாளில் வலது காலில் மட்டும் உள்வெளியாகத் திருப்பிப் போடுகிறார், தையல் விரலில் உரசாமல் இருக்க.

"முழுக் கால் மேல லாரி ஏறினாலும் தாங்கும் போல. நூல் பட்டாத் தாங்காது. இதைப் போய் யார்கிட்ட சொன்னா நம்புவாங்க?"

இந்த எரிச்சல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்ததல்ல. அதற்கு ஒரு வருடம் முன்பே இருந்தது. மருத்துவரிடம் அவர் அதைச் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். ஏனென்றால் அது ஆசிட் கால்.

மாடி வேலை செய்யும் பெண்கள் எல்லாருக்கும் ஆசிட் கால் தெரியும். குளியலறைக் கறைக்கு ஊற்றும் திரவம் தெறித்துத் தெறித்துப் பாதம் எரிவதற்கு அவர்கள் வைத்த பெயர். வேலை முடிகிற நேரத்தில், காலியான அறை ஒன்றின் குளியல் தொட்டியில் குளிர்ந்த நீரைத் திறந்துவிட்டு, அதன் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து கால்களைத் தொங்கவிடுவார்கள். கொஞ்சம் வம்பு, கொஞ்சம் சிரிப்பு. சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வரும்போது வேண்டுமென்றே இருமிக்கொண்டு வருவார். தண்ணீரை வடியவிட்டு, கால் துடைத்து, தொட்டியைத் துடைத்துவிட்டுக் கிளம்புவார்கள். மறுநாள் மற்றவர்களுக்கு எரிச்சல் அடங்கியிருக்கும். மூணக்காவுக்கு அடங்காது. ஏன் வலது கால் மட்டும் என்று யாரோ கேட்டதற்கும் அவரிடம் விடை இருந்தது: "தேய்க்கும்போது வலது காலைத்தானேடி முன்னாடி வைக்கிறேன்."

அதனால் எங்கே வலி என்று மருத்துவர் கேட்டபோது இடுப்பைக் காட்டினார். எரிச்சல் குளியலறைச் சமாசாரம். அதை எலும்பு டாக்டரிடம் போய் எதற்குச் சொல்வது?

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் கிடந்த மாதங்களில் ஆசிட் வாடையே இல்லை. காலில் பட்டதெல்லாம் பச்சைத் தண்ணீர். எரிச்சல் மட்டும் ஒரு நாள் விடுப்பு எடுக்கவில்லை. புது மூட்டு வைத்ததில்தான் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது. சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை நிறுத்தினார். நடக்கச் சொன்னால் நடக்கவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு, பார்க்க வருகிறவர்களிடம் மருத்துவரைத் திட்டினார். நன்றாக வந்துகொண்டிருந்த இடுப்பு அந்தக் கோபத்தில் இறுகிப்போனது. இன்றும் அவர் நடையில் இருக்கும் சின்ன இழுப்பு அந்த மாதங்கள் விட்டுப்போனது.

ஓட்டலில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர் அவருடைய வீட்டுக்காரர். சத்தத்தை வைத்தே எந்தப் பாகம் தேய்ந்தது என்று சொல்கிற மனிதர். மனைவி விஷயத்தில் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"புது பேரிங் போட்டாச்சு. ஓட்டிப் பார்த்தாச்சு. இன்னும் என்ன?"

"எரியுதுங்க."

"எங்க எரியுது? பார்த்தா நல்லாத்தானே இருக்கு."

"பார்த்தாத் தெரியற மாதிரி எரிஞ்சா தீயணைப்பு வண்டியில்ல கூப்பிட்டிருப்பேன்?"

வாய்ப்பேச்சால் ஆகாது என்று கண்டவர் கையால் ஒன்று செய்தார். துணி காயப்போடும் கம்பிகளை வளைத்து, கட்டிலின் கால்மாட்டில் ஒரு வளைவு கட்டி, விரிப்பு அதன் மேல் கிடக்கும்படி, கால் அடியில் படாமல் இருக்கும்படி அமைத்துக் கொடுத்தார். மூணக்கா அதற்குச் சுரங்கம் என்று பெயர் வைத்தார். இரண்டாம் நாள் அவர் புரண்டு படுத்ததில் சுரங்கம் சரிந்து எரிகிற காலின் மேலேயே விழுந்தது. அக்கம்பக்கத்து வீட்டு விளக்குகள் எரிந்தன. கம்பிகள் திரும்ப நிமிர்ந்து துணி காயப்போடப் போய்விட்டன. வீட்டுக்காரர் இப்போதெல்லாம் காலையில் "இன்னைக்கு எப்படி?" என்று மட்டும் கேட்கிறார். "அப்படியேதான்" என்கிறார் இவர். கேட்டவருக்கும் அலுப்பு, சொன்னவருக்கும் அலுப்பு. ஆனாலும் கேட்காமல் அவர் டீ குடிப்பதில்லை.

கடைசியில் மருத்துவரிடம் போனார்கள். மருத்துவர் பெரிய உருவம், வேகமான பேச்சு. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"படம் அவ்வளவு அழகா இருக்கும்மா."

"படத்துக்கு வலிக்காதுங்களே டாக்டர்."

மருத்துவர் திரும்பிப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எங்கே, எப்படி, எப்போதிலிருந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பஞ்சால் காலைத் தடவினார். மூணக்கா நாற்காலியோடு பின்னால் போனார்.

"இது ஆபரேஷனுக்கு முந்தியே இருந்துதா?"

"இருந்துது. ஆனா அது ஆசிட்டுங்க டாக்டர்."

விஷயம் விளங்க மருத்துவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "இதை ஏம்மா அப்பவே சொல்லல?"

"நீங்க இடுப்பைத்தானே கேட்டீங்க."

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நிதானமாக விளக்கினார். "மூட்டு தேய்ஞ்சு வர்ற வலி ஒண்ணு. நரம்பு கெட்டு வர்ற வலி இன்னொண்ணு. ஒரே காலில் ரெண்டு பேரும் குடியிருக்கலாம். நான் காலி பண்ண வச்சது ஒருத்தரைத்தான். சிலருக்கு இந்த ரெண்டாவது ஆள் ஆபரேஷனுக்கு அப்புறம் புதுசா வருவார். உங்களுக்கு முந்தியே இருந்திருக்கார், முதுகுல நசுங்கின நரம்பிலேருந்து வந்திருக்கார். அப்பவே தெரிஞ்சிருந்தா அப்பவே அவரையும் கவனிச்சிருக்கலாம். உங்களுக்கும் எது போகும், எது போகாதுன்னு தெரிஞ்சிருக்கும்."

அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் மூணக்காவின் மனதில் தைத்துக்கொண்டது. எது போகும், எது போகாது. தெரிந்திருந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்க மாட்டார். அந்த இழுப்பு நடையில் தங்கியிருக்காது.

நரம்பு மருத்துவர் ஒருவர் மாத்திரை கொடுத்தார். சாயங்காலம் ஒன்று. "அது எரிச்சலைப் பாதிதான் சாப்பிடும். மீதியை எனக்கு வச்சிட்டுப் போயிடும்." மாத்திரை வாயை உலர்த்துகிறது, காலையில் தலையைப் பஞ்சுமூட்டை ஆக்குகிறது. பஸ்ஸில் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவது வாரத்துக்கு ஒரு தடவையாவது நடக்கிறது. லேட்டானதற்குக் காரணம் கேட்டால், "கடைசி ஸ்டாப்பிங் எப்படி இருக்குன்னு பார்த்துட்டு வந்தேன்" என்பார். இரண்டு கொட்டாவிக்கு நடுவில்தான் அவர் இப்போது பேசுகிறார். ஆனால் பேச்சு மட்டும் கொட்டாவி விடவில்லை.

ஓட்டலின் பின்வாசலில் வேலை முடிந்து போகிறவர்களைக் காவலாளி உலோகம் கண்டுபிடிக்கும் கருவியால் தடவிப் பார்த்து அனுப்புவார். மூணக்காவின் இடுப்பருகே வந்ததும் அது கத்தும்.

"என்னக்கா, இன்னைக்கு எத்தனை ஸ்பூன்?"

"முப்பது வருசமா ஒரு ஸ்பூன் எடுக்கல. அதான் உங்க ஓட்டல்காரங்க மொத்த இரும்பையும் இடுப்புல வச்சுத் தச்சுட்டாங்க."

"எடுத்துக் காட்டுங்க, விட்டுடறேன்."

"உன் வீட்ல ரெஞ்ச் இருந்தா எடுத்துட்டு வா."

தினமும் இதே வசனம்தான். காவலாளி லீவு போட்ட நாளில், புதிதாக வந்தவர் ஒன்றும் கேட்காமல் வழிவிட்டபோது மூணக்கா வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போனார்.

அதே ஓட்டலின் அடித்தளத்தில் சலவைப் பகுதி. அங்கே பெரிய இஸ்திரி எந்திரத்தின் முன்னால் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர் மூணக்காவின் தங்கை. துவைத்துத் தேய்த்ததை டிராலியில் ஏற்றி, சர்வீஸ் லிஃப்டில் லினன் ரூமுக்குக் கொண்டுவருவதும் அவர்தான். குடும்பத்து எலும்பு இருவருக்கும் ஒன்றுதான் போலிருக்கிறது. தங்கைக்கு இடது இடுப்பு தேய்ந்துபோயிற்று. உட்கார்ந்தால் எழ ஆள் வேண்டும். டிராலியைத் தள்ளுகிறாரா, அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரா என்று தெரியாத நடை. நீண்ட நாள் காத்திருந்து அறுவை சிகிச்சைக்குத் தேதி வந்துவிட்டது. அந்தத் தேதியைத் தவிர அவருக்கு வேறு பேச்சில்லை. அது வந்துவிட்டால் படி ஏறுவார், தரையில் உட்காருவார், பஸ்ஸுக்கு ஓடுவார். "பஸ்ஸுக்கு நான் இப்பவும் ஓட மாட்டேண்டி" என்று மூணக்கா சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

ஒரு நாள் தங்கை லினன் ரூமில் உட்கார்ந்து சாக்ஸைச் சரிசெய்தபோது மூணக்கா பார்த்தார். இடது காலில் சாக்ஸ் உள்வெளியாகத் திரும்பியிருந்தது. இடது காலில் மட்டும்.

உறை ஒன்று பாதி மடிப்பில் நின்றது.

"கால் எரியுதா?"

"எந்தக் கால்?"

"நடிக்காத. எத்தனை நாளா?"

"அது நீராவிக்கா. அங்க நிக்கிற எல்லாருக்கும் இருக்கறதுதான். நீராவிக் கால்னு சொல்லுவாங்க. நீ ஒரு நாள் வந்து பிரஸ் முன்னாடி நின்னு பாரு."

"நீராவி ஒரு காலைப் பார்த்து மட்டுமா வரும்?"

தங்கை சாக்ஸைத் திருப்பாமல் செருப்பை மாட்டினார். மறுநாள் இருவருமாக டாக்டரைப் பார்க்கப் போகும்போது இதைச் சொல்ல வேண்டும் என்று மூணக்கா சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"சொன்னா என்ன பண்ணுவாங்க தெரியுமா? அந்த டெஸ்ட் எடு, இந்த டெஸ்ட் எடுன்னு இழுப்பாங்க. தேதி போயிடும். மறுபடி வரிசையில கடைசியில போய் நிக்கணும். என்னால முடியாதுக்கா. பாத்ரூம் போயிட்டு எழுந்திரிக்க கதவுப் பிடியில கயிறு கட்டி வச்சிருக்கேன். உனக்குப் புது இடுப்பு வந்தாச்சு, நீ பேசுவ."

"இடுப்பு வேணாம்னா சொன்னேன்? மாத்திக்கோ. ஆனா மாத்தினதும் எல்லாம் போயிடும்னு நினைச்சுப் போய்ப் படுக்காத. முழிச்சதும் அது அங்கயே உட்கார்ந்திருக்கும். அப்ப நீ என்னை மாதிரியே சுவத்தைப் பார்த்துட்டுக் கிடப்ப."

"எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகுது. நிக்க முடிஞ்சாப் போதும்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்."

தங்கை டிராலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பிறகு குரலை இறக்கினார். "நாளைக்கு டாக்டர்கிட்ட நீ வாயைத் திறக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

"அப்புறம் நான் எதுக்கு வர்றேன்? பை தூக்கவா?"

"ஆமா. பை தூக்கத்தான்."

மூணக்கா காலை அடுத்த சாணுக்கு நகர்த்தினார். "சரி. வாயைத் திறக்கல."

மறுநாள் மருத்துவமனையில் பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாத்திரை மயக்கம் தெளியாத கண்கள். மருத்துவர் அவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டு தலையசைத்தார், இவரும் அசைத்தார். தங்கையின் படத்தை மாட்டிப் பார்த்துவிட்டு, மூட்டு முழுக்கத் தேய்ந்திருக்கிறது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார். தங்கை பெருமூச்சு விட்டார்.

"வலி இடுப்புல மட்டும்தானா? உங்க அக்காவுக்கு இருக்கற மாதிரி எரிச்சல், சுருக்குன்னு மின்சாரம், மரத்துப்போறது, இப்படி ஏதாவது?"

மருத்துவர் கேட்டேவிட்டார். மூணக்கா பையின் வாரை இறுகப் பிடித்தார்.

"இல்லீங்க டாக்டர். இடுப்பு மட்டும்தான்."

"காலில்?"

"ஒண்ணும் இல்லீங்க."

திரைக்குப் பின்னால் இருந்த இரும்புக் கட்டிலில் தங்கையைப் படுக்கச் சொன்னார்கள். மூணக்கா கை கொடுத்து ஏற்றிவிட்டார். தங்கையின் செருப்பைக் கழற்றினார். இன்றைக்குச் சாக்ஸ் இல்லை, யோசித்துத்தான் வந்திருந்தார் தங்கை. மருத்துவர் மூலையில் கை கழுவிக்கொண்டிருந்தார். கால்மாட்டில் போர்த்துவதற்கான விரிப்பு ஒன்று மடித்துக் கிடந்தது. சலவை நன்றாக இல்லை, ஓரம் சுருங்கியிருந்தது. மூணக்கா அதை எடுத்தார். அதில் தங்கைக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. ஒரு அறையில் விரிப்பு இருந்து அதை அக்கா தொடாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இரு கைகளாலும் பிடித்து ஒரு உதறு உதறினார். மருத்துவர் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பியபோது விரிப்பு காற்றில் உப்பி நின்றது. மெதுவாக இறங்கியது. நான்கு பக்கமும் ஒரே அளவு தொங்கும்படி வந்து படிந்தது.

வலது கால் இருந்த இடத்தில் இருந்தது. இடது கால் கொதிநீர் பட்டதுபோல் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. தேய்ந்த இடுப்பில் அந்த இழுப்பு போய் இடித்திருக்க வேண்டும். தங்கை 'அம்மா' என்று கத்திவிட்டார்.

துண்டைக் கையில் பிடித்தபடி மருத்துவர் நின்றார். விரிப்பைப் பார்த்தார். காலைப் பார்த்தார்.

"துணிதானேம்மா பட்டுது?"

தங்கை கண்ணைக் கூரைக்குத் திருப்பினார்.

"எத்தனை நாளா இருக்கு?"

சின்னக் குரலில் வந்தது: "அது நீராவிங்க டாக்டர்."

மருத்துவர் மூணக்காவைப் பார்த்தார். மூணக்கா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவர் நாற்காலியை இழுத்துக் கட்டிலின் கால்பக்கம் போட்டு உட்கார்ந்தார்.

"தேதி போயிடும்னு பயந்தீங்களா? இடுப்பை மாத்தணும், அதுல மாற்றம் இல்ல. ஆனா முதுகையும் நரம்பையும் பார்க்காம மாத்த மாட்டேன். கொஞ்ச நாள் தள்ளும். தள்ளாதுன்னு சொன்னா அது பொய். வரிசையில கடைசிக்கு அனுப்ப மாட்டேன், அது என் பொறுப்பு."

'தள்ளும்' என்ற சொல்லோடு தங்கை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மருத்துவர் நர்ஸைக் கூப்பிட வெளியே போனார்.

"பாவி" என்றார் தங்கை, சுவரைப் பார்த்தபடியே. "வாயைத் திறக்காமலே கெடுத்துட்டியே."

மூணக்கா கட்டிலைச் சுற்றி, இழுத்து இழுத்துக் கால்மாட்டுக்கு நடந்தார். விரிப்பின் ஓரம் அவர் கையில் இருந்தது. அதைச் செருகாமல், கணுக்காலுக்கு மேலே மடித்துவிட்டார். எரிச்சல் எட்டாத குதிகாலை மட்டும் உள்ளங்கையில் ஏந்தி, தங்கையின் பாதத்தைக் கட்டிலின் இரும்புக் கம்பியில் கொண்டுபோய் வைத்தார். தங்கை திரும்பவில்லை, காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை. கம்பி சூடேறும் நேரம் வரைக்கும் மூணக்கா அப்படியே நின்றார். பிறகு அந்தக் காலை ஒரு சாண் நகர்த்தி வைத்தார்.